அரக்கு வெச்ச முறுக்கு

கொஞ்சம் அக்கட்டால நவுந்துக்குங்க கண்ணு. இந்த டப்பாவ மேல வெச்சா உருளும், கீழ வெச்சா கண்டக்டர் மிதிப்பான், மடியிலதான் வெச்சுக்கோணும். ஆ, போதும் போதும். தாராபுரத்துல எறங்கறீங்களா? நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போலாம்.

ஒரு முறுக்கு எடுத்துக்குங்க. அட எடுங்க கண்ணு. பஸ்ல குடுத்தா வாங்கித் திங்கக்கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்கறதெல்லாம் ஆம்பளைங்க குடுக்கற பிஸ்கட்டுக்கு. கடிச்சுப் பாருங்க. சத்தம் வரலயல்ல? வராது. வளச்சுப் பாருங்க, வளையும். மொகத்தச் சுளிக்காதீங்க. அது நமுத்ததுன்னு நெனச்சுக்கிட்டீங்க. நமுத்ததில்ல கண்ணு, அது கவர்மெண்டு முறுக்கு. கலெக்டர் ஆபீசுக்கு நான்தான் சப்ளை.

எந்த ஜில்லான்னு மட்டும் கேக்காதீங்க. ஆபீஸ் விசயத்த வெளிய பேசக்கூடாதுன்னு சூப்பிரண்டு சொல்லியிருக்கறாரு. அதனால ஜில்லா பேரத் தவுத்து மத்த எல்லாத்தையும் சொல்லிடறேன்.

முன்னாடி, டிரைவருக்குப் பின்சீட்டுல, பச்சச் சேலை கட்டிக்கிட்டு எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டு ஒருத்தங்க உக்காந்திருக்கறாங்களே, தெரியுதுங்களா? அது என்ற சம்பந்தி. மரகதம்னு பேரு. என்ற புள்ள கோமதியோட மாமியாரு. அவங்களுக்கு பஸ்ல பின்னாடி உக்காந்தா வாந்தி வரும், அதனால முன்னாடி. எனக்கு அவங்க பக்கத்துல உக்காந்தா வாந்தி வரும், அதனால நான் பின்னாடி. இந்தச் சண்ட எப்பிடி வந்துச்சுங்கறீங்க? எல்லாம் காதுகுத்துல.

எங்க பேத்தி யாழினிக்குக் காதுகுத்து. நான் தாய்வழிப் பாட்டி, சீர் செய்யோணும். பலகாரத் தட்டு, பழத் தட்டு, எல்லாம் எடுத்துட்டுப் போனேன். தட்டுல என்ற கைமுறுக்கு. என்ற முறுக்குன்னா அந்தக் காலத்துலயே பேருங்க. என்ற ஊட்டுக்காரரு, போர் மோட்டார் மெக்கானிக்கு, அவரு நான் முறுக்கு திங்கறப்ப பக்கத்துல படுக்க மாட்டாரு. சத்தத்தக் கேட்டா, பேரிங் போயிருச்சுன்னு தூக்கத்துலயே ஸ்பேனரத் தேடுவாரு. அப்பேர்ப்பட்ட முறுக்கு. அதை இந்த மரகதம் ஒண்ணு எடுத்து, ஒறம்பற ஜனம் அத்தன பேரும் சோத்துல கைய வெச்சுக்கிட்டு இருக்கறப்ப, சொல்றாங்க: "சம்பந்தி முறுக்கக் கடிக்கறதுக்கு முந்தி பல்லுக்கு இன்சூரன்ஸ் எடுத்துக்கோணும்!"

பந்தியே சிரிச்சுது. என்ற மாப்பிள்ளையும் சிரிச்சாரு. கோமதியும் சிரிச்சா, என்ற வயித்துல பொறந்தவ. அய்யருதான் சிரிக்கல. அவருக்குக் காது கேக்காது.

அன்னிக்கு முடிவு பண்ணுனேன். இந்த முறுக்குலயே இவங்கள ஜெயிக்கோணும்னு.

அந்த நேரத்துலதான் கலெக்டர் ஆபீஸ்ல டெண்டர் வந்துச்சு. திங்கக்கெழம மனுநாளு, மாசாமாசம் விவசாயிங்க குறைதீர்க் கூட்டம், இதுக்கெல்லாம் அது வரைக்கும் பிஸ்கட்டு குடுத்துட்டிருந்தாங்க. இனிமே மகளிர் குழுகிட்டதான் பலகாரம் வாங்கோணும்னு மேலருந்து உத்தரவு. நான் எங்க தெருக் குழுவுக்குத் தலைவி. மரகதம் அவங்க ஊர்க் குழுவுக்குத் தலைவி. ரெண்டு பேரும் போட்டோம். ரெண்டு பேரும் சாம்பிள் எடுத்துட்டு வரச் சொன்னாங்க.

சூப்பிரண்டு பேரு ஞானப்பிரகாசம். தெக்கத்திக்காரரு. தங்கமான மனுசன், ஆனா ரூல் புஸ்தகத்த தலகாணிக்கு அடியில வெச்சுத் தூங்கறவரு. அந்த ஆபீசுக்கு நாற்காலி வாங்கறது, திரைச்சீல வாங்கறது, பினாயில் வாங்கறது, எல்லாம் அவருதான். துடைப்பம் வாங்குன கதை ஒண்ணு உண்டு. சாம்பிள் துடைப்பத்த பீரோவுல பூட்டி வெச்சாரு. வந்த துடைப்பம் எதுவும் அந்த மாதிரி இல்லன்னு திருப்பித் திருப்பித் தாட்டி விட்டாரு. அந்தச் செக்சன் குப்பை மேடாக் கெடந்துச்சுங்க. பீரோக்குள்ள மட்டும் துடைப்பம் ஜம்முனு இருந்துச்சு. அவருகிட்ட வேல பாக்கற புள்ள பர்வீன்தான் ஊட்டுல இருந்து ஒரு துடைப்பம் கொண்டாந்து, அவரு சாப்பாட்டுக்குப் போறப்ப கூட்டுவா.

எங்க விட்டேன்? ஆ, சாம்பிள்.

மரகதத்தோட முறுக்க மொதல்ல கடிச்சாரு. "ம்" அப்பிடின்னாரு. அவ்ளோதான். என்றதக் கடிச்சாரு. கண்ணு, அந்தச் சத்தம் பக்கத்து நிலவரி செக்சனுக்குக் கேட்டுச்சு. அங்கருந்து ஒருத்தர் எட்டிப் பாத்து, "என்ன சார், ஜன்னல் ஒடஞ்சுதா?"ன்னு கேட்டாரு. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. ஆர்டர் எனக்குத்தான். மரகதம் எனக்கு அடுத்து ரெண்டாவது எடம். நான் சொதப்புனா அவங்களுக்குப் போயிரும், அதுதான் ரூல். எங்க குழுப் பொண்ணுங்க இந்த ஆர்டர நம்பி பெரிய அடுப்பு, பெரிய வாணலின்னு வாங்கிட்டாங்க. எனக்கு அந்த அடுப்புச் செலவு கூடப் பெருசில்ல. மரகதத்துகிட்டப் போனா, யாழினி சடங்கு, கல்யாணம், வளைகாப்பு வரைக்கும் பந்தியில என்னைய ஓட்டுவாங்க. நான் செத்தாலும் எழவு ஊட்டுல வந்து சொல்லுவாங்க.

சரி, ஆர்டர் வந்துச்சு. அப்புறம் சூப்பிரண்டு என்ன பண்ணுனாரு தெரியுங்களா? நான் குடுத்த சாம்பிள்ல மிச்சம் இருந்த முறுக்க ஒரு துணிப் பையில போட்டாரு. நூலப் போட்டுக் கட்டுனாரு. பர்வீன மெழுகுவத்தி கொளுத்தச் சொல்லி, செவப்பு அரக்க உருக்கி, சொட்டுச் சொட்டா விட்டு, அதுமேல முத்திர குத்துனாரு. பையில என்னையக் கையெழுத்துப் போடச் சொன்னாரு. பீரோவுல வெச்சுப் பூட்டுனாரு.

"எதுக்குங்க சார் இது?"ன்னேன்.

"இனிமே நீங்க கொண்டு வர்ற முறுக்கு எல்லாம் இந்தச் சாம்பிள் மாதிரியே இருக்கணும்மா. சந்தேகம் வந்தா இதைத் தொறந்து ஒப்பிட்டுப் பாப்போம்."

பர்வீன், "சார், அது திங்கற பொருளாச்சே சார்"ன்னா.

"பொருள்னா பொருள்தான்மா. துடைப்பத்துக்கு ஒரு ரூல், முறுக்குக்கு ஒரு ரூல்னு அரசாங்கம் வெக்க முடியுமா?"

எனக்கு அப்பிடியே புல்லரிச்சுப் போச்சு கண்ணு. பேங்க்ல லாக்கர்ல நக வெக்கறாங்க, என்ற முறுக்க கலெக்டர் ஆபீஸ் பீரோவுல வெச்சிருக்கறாங்க! அந்தப் பையில ஒரு குங்குமப் பொட்டு வெக்கலாமான்னு கேட்டேன். வேண்டாம், முத்திரையக் கலச்ச மாதிரி ஆயிரும்னாரு. நான் தூரத்துல நின்னு கும்புட்டுட்டு வந்தேன்.

கோட மாசம் பூரா ஒரு குறையும் இல்ல. மனுக் குடுக்க வந்தவங்க ஒரு கையில மனுவும் ஒரு கையில முறுக்குமா நிப்பாங்க. அந்தச் சத்தத்துல மைக்குல பேசறது கேக்காது. ஒருக்கா கலெக்டருக்கு அடுத்தவரு, டி.ஆர்.ஓ., பேசிட்டு இருக்கறப்ப வரிசையா அத்தன பேரும் கடிச்சாங்க, அவரு கை தட்டறாங்கன்னு நெனச்சு நன்றின்னு சொல்லிட்டாரு.

அப்புறம் மழ வந்துச்சு. ஐப்பசி அட மழ. அந்த மழையில தணிக்கைக்காரங்க வந்தாங்க. "சாம்பிளோட ஒப்பிட்டுப் பாத்தீங்களா?"ன்னு ஒரு கேள்வி. அதுல சூப்பிரண்டுக்கு வேர்த்துருச்சு. என்னையக் கூப்புட்டாங்க. பீரோவத் தொறந்தாங்க. அரக்க ஒடச்சாங்க. பையில இருந்து முறுக்க எடுத்தாங்க.

எப்பிடி இருந்துச்சுங்கறீங்க? நீங்க கையில வெச்சிருக்கறீங்களே, அதே மாதிரி! வளச்சா வளையுது. இழுத்தா நீளுது. சூப்பிரண்டு ஒரு கையில அதைப் புடிச்சாரு, இன்னொரு கையில நான் அன்னிக்குக் காலையில சுட்ட முறுக்கப் புடிச்சாரு. இதை ஒடச்சாரு, படக்குனு ஒடஞ்சுது. அதை ஒடச்சாரு, மடங்கிக்கிச்சு. மூஞ்சி தொங்கிப் போச்சு.

"சாம்பிளுக்கு மாறா சப்ளை பண்ணியிருக்கீங்கம்மா."

"சார், இது நல்லாருக்குதுங்க சார். கடிச்சுப் பாருங்க."

"நல்லாருக்கறது எனக்கு முக்கியமில்ல. ஒண்ணா இருக்கணும்."

"சார்"ன்னா பர்வீன், "சாம்பிள் பழசாயிருச்சு சார். அதான்."

"சாம்பிள் எப்பிடிம்மா பழசாகும்? சாம்பிள் தப்பாகாது. சப்ளைதான் தப்பாகும்." அப்பிடின்னு ஒரே போடு. அடுத்த கூட்டத்துக்குள்ள சாம்பிள் மாதிரி கொண்டு வரலன்னா ஆர்டர் மரகதத்துக்குன்னு சொல்லிட்டாரு.

ஊட்டுக்கு வந்து ரோசன பண்ணுனேன். பண்ணப் பண்ண எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. அந்தப் புள்ள பர்வீனுக்குப் புரியல, சின்னப் புள்ள. விசயம் என்னன்னா, ஆபீசர்களுக்குப் பல்லு பலமில்ல. அதை வெளிய சொல்ல வெக்கம். அதனால சாம்பிள், ரூலுன்னு சுத்தி வளச்சுச் சொல்றாங்க. என்ற தம்பி மாமனாரு தாலுக்கா ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவரு. ராத்திரி பல்லக் கழட்டி டம்ளர்ல போட்டு வெப்பாரு. ஒரு நாளு தாகத்துல அவரு சம்சாரம் அந்த டம்ளரையே எடுத்து... சரி வேண்டாம், நீங்க திங்கறீங்க. அதனால எனக்குத் தெரியும். உக்காந்து உக்காந்து வேல பாத்தா மொதல்ல போறது பல்லுதான்.

மெதுவான முறுக்குதான வேணும்? குடுத்துட்டாப் போச்சுன்னு எறங்குனேன். அப்பத்தான் தெரிஞ்சுது, நமுக்க வெக்கறது எவ்ளோ பெரிய வித்தைன்னு. மொறுமொறுன்னு யாரு வேணாலும் சுடலாம் கண்ணு. பதமா நமுக்க வெக்க ஒரு கை வேணும். ஈரத் துணியில சுத்தி வெச்சேன், கொழஞ்சு களியாப் போச்சு. இட்லிப் பானையில ஆவி காட்டுனேன், கொழுக்கட்டையாயிருச்சு. குளிக்கற ரூம்ல டப்பாவத் தொறந்து வெச்சேன், மைசூர் சாண்டல் வாசம் புடிச்சுக்கிச்சு. கெணத்துக்குள்ள கவுத்துல கட்டித் தொங்க விட்டேன், தவள ஒண்ணு ஏறி உக்காந்துக்கிச்சு. எங்க குழுப் பொண்ணுங்க, "ஏனுங்க அத்தே, சுடறப்பவே கெட்டுப் போற மாதிரி சுட்டுரலாங்களா?"ன்னாங்க. அது எப்பிடி? என்ற கைக்குக் கெட்டுப் போற மாதிரி சுட வராது.

கடைசியில வாழ எல தான் கை குடுத்துச்சு. நல்ல மொறுமொறுன்னு சுட்டு, வாழ எலையில பரத்தி, மேல ஒரு எல மூடி, மொட்ட மாடியில பனியில வெச்சு, விடியால எடுத்தா... அச்சு அசல் சாம்பிள்! வளையுது, முறியல. எடுத்துட்டு ஓடுனேன்.

சூப்பிரண்டு வளச்சுப் பாத்தாரு. இழுத்துப் பாத்தாரு. தலைய ஆட்டுனாரு. சந்தோசத்துல எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அப்புறம் மோந்து பாத்தாரு.

"வாசம் ஒத்துப் போகலயேம்மா."

நானும் சாம்பிள மோந்து பாத்தேன். உண்மதான். ஆபீஸ் வாசம் அடிச்சுது. பழைய ஃபைலு, கோந்து, மழத்தண்ணி எறங்குன சுவரு, கொஞ்சம் கரப்பான். இந்த வாசத்துக்கு நான் எங்க போவேன்? ஓமத்தப் போட்டா வருமா, சீரகத்தப் போட்டா வருமா? பெஞ்சுல உக்காந்து அழுதுட்டேன். பர்வீன் வந்து தோள்ல கைய வெச்சா.

"பாட்டி, நான் ஒண்ணு சொன்னா செய்வீங்களா? ரெக்கார்டு ரூம் சாவி என்கிட்டதான் இருக்கு. டப்பாவ அங்க கொண்டாந்து வெச்சிருங்க. வேற வழி இல்ல. அவருகிட்டப் பேசிப் பேசி எனக்கே முடி கொட்டுது."

அந்தப் புள்ள நல்லாருக்கோணும். ரெக்கார்டு ரூம்ல, அந்தக் காலத்து நிலப் பத்திரக் கட்டுகளுக்கு நடுவுல, டப்பாவ மூடி தொறந்து வெச்சோம். அடுத்த கூட்டத்துக்கு எடுத்தப்ப, கண்ணு, நான் சுட்ட முறுக்கா, வெள்ளக்காரன் காலத்து முறுக்கான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. சூப்பிரண்டு மோந்து பாத்தாரு. கண்ண மூடுனாரு. "பொருந்துகிறது"ன்னு எழுதுனாரு. அவரு மொகத்துல அப்பிடி ஒரு நிம்மதிய நான் அது வரைக்கும் பாத்ததில்ல.

என்னங்க சம்பந்தி? ஆ? இல்லீங்க, உங்களப் பத்தி இல்லீங்க! உங்க நல்ல கொணத்தப் பத்திச் சொல்லிட்டிருக்கறேன்! நீங்க எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டு சாஞ்சுக்குங்க!

காது மட்டும் கூர்மை. வாய்க்குத் தக்கன காது.

அந்த முறுக்குனால எவ்ளோ நன்ம நடந்துச்சு தெரியுங்களா? முன்னெல்லாம் விவசாயிங்க எந்திரிச்சுப் பேசுனா ஆபீசருங்க குறுக்க குறுக்கப் பேசுவாங்க. புது முறுக்கு வந்ததுக்கு அப்புறம், வாய்ல போட்டா மென்னுக்கிட்டே இருக்கோணும், முழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. அதனால யாரும் குறுக்கப் பேசல. ஒரு பெரியவரு வாய்க்கால் தண்ணி விசயத்த மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் சொல்லி முடிச்சாரு. வெளிய வந்து என்ற கையப் புடிச்சுக்கிட்டு, "ஆத்தா, என்ற ஆயுசுல இன்னிக்குத்தான் பொறுமையாக் கேட்டாங்க"ன்னாரு. எனக்கு நெம்பப் பெருமை.

ஆனா மரகதம் சும்மா இருப்பாங்களா? புதுசா கலெக்டரம்மா வந்தாங்க. வடக்கத்திக்காரங்க, சின்ன வயசு, தமிழ புஸ்தகத்துல படிச்சவங்க. அவங்க நடத்துன மொத மனுநாள்ல, டோக்கன் வாங்கி வரிசையில நின்னு, மரகதம் ஒரு மனுவக் குடுத்துட்டாங்க. "நமுத்துப் போன முறுக்கு போட்டு பொதுமக்கள ஏமாத்தறாங்க"ன்னு. சொந்தச் சம்பந்தி மேல! பேத்திக்கு ரெண்டு பேரும் பாட்டி!

கலெக்டரம்மா எல்லாரையும் கூப்புட்டாங்க. ஹால்ல கூட்டம். மேசையில மூணு தட்டு. ஒண்ணுல மரகதத்தோட முறுக்கு. ஒண்ணுல என்றது. நடுத்தட்டுல அந்தச் சாம்பிளு. அதுல ஒத்த முறுக்குதான் மிச்சம், மத்ததெல்லாம் ஒப்பிட்டு ஒப்பிட்டே தீந்து போச்சு.

சூப்பிரண்டு மரகதத்தோடத எடுத்து ஒடச்சாரு. படக். "பொருந்தவில்லை மேடம்." என்றத எடுத்து வளச்சாரு. "பொருந்துகிறது மேடம்."

மரகதம் கத்துனாங்க. "அம்மா, வயசான பொம்பள நமுத்ததக் கொண்டாந்து வெச்சுக்கிட்டு..."

"யாருக்குங்க வயசு? எனக்கு முந்திப் பொறந்துட்டு!"

"நீங்கதான சம்பந்தி நிச்சயத்துல மூத்தவங்கன்னு முன்னாடி நின்னு தட்டு வாங்குனீங்க?"

"அது மரியாதைக்கு மூத்தவங்க!"

கலெக்டரம்மா கைய அமத்துனாங்க. சூப்பிரண்டப் பாத்து, "முறுக்கு என்பது எவ்வாறு இருக்க வேண்டும்?"னு கேட்டாங்க. அப்பிடியே புஸ்தகத் தமிழ்ல.

சூப்பிரண்டு நிமுந்து நின்னு, "சாம்பிள் போல் இருக்க வேண்டும், மேடம்"ன்னாரு.

"அந்தச் சாம்பிள் எவ்வாறு இருக்கிறது?"ன்னுட்டு, கண்ணு, அந்தம்மா கைய நீட்டி, நடுத்தட்டுல இருந்ததை எடுத்து, ஒரே வாயில போட்டுக்கிட்டாங்க!

ஹாலே எந்திரிச்சு நின்னுருச்சு. சூப்பிரண்டு போட்டாரு பாருங்க ஒரு கத்து: "மேடம்! அது முறுக்கு இல்ல! அது ரெக்கார்டு!"

அந்தம்மா மென்னாங்க. மென்னாங்க. மென்னுக்கிட்டே இருந்தாங்க. கண்ணுல தண்ணி. கூட நிக்கற சேவகன், டவாலி, தண்ணி பாட்டில நீட்டறான், எஸ்.பி. எந்திரிச்சு முதுகத் தட்டலாமா வேண்டாமான்னு நிக்கறாரு. ஒரு வழியா முழுங்குனாங்க. நல்ல வளப்பு கண்ணு, துப்பல. நாலு பேரு முன்னால குடுத்தத முழுங்கறதுதான் மரியாத. மரகதமா இருந்தா துப்பிட்டு அதுக்கொரு பேச்சும் பேசியிருப்பாங்க.

அப்புறம்தான் சிக்கலே. சாம்பிள் போச்சு. இனிமே எதை வெச்சு ஒப்பிடறது? பர்வீன் சொன்னா, "புதுசா ஒரு சாம்பிள் எடுத்துக்கலாம் சார்." சூப்பிரண்டு சொன்னாரு, "புது சாம்பிள் சரியான சாம்பிளான்னு எதோட ஒப்பிடறது?" அவ தலையில கைய வெச்சுக்கிட்டா. அவரு ராவெல்லாம் ரூல் புஸ்தகத்தப் பொரட்டி மறுநாள் ஒரு வழி கண்டுபுடிச்சாரு. சாம்பிள் அழியல, அதிகாரியோட பொறுப்புல இருக்குதுன்னாரு. அதாவது கலெக்டரம்மா வயித்துல. அதோட ருசி தெரிஞ்ச ஒரே ஆளு அவங்கதான். அதனால இனிமே ஒவ்வொரு சப்ளையும் அவங்க ஒரு கடி கடிச்சு, "அதேதான்"னு சொன்னாத்தான் ஏத்துக்குவோம்னு எழுதிட்டாரு.

அந்தம்மா பாவம், ஒத்துக்கிட்டாங்க. ஒவ்வொரு திங்கக்கெழமையும் நான் டப்பாவோட உள்ள போவேன். என்னையப் பாத்ததும் பேனாவ வெச்சுட்டு, ஒரு பெருமூச்சு விட்டுட்டு, ஒரு கடி கடிப்பாங்க. "அதேதான்"ம்பாங்க. என்ற மேல அவ்ளோ பிரியம். கண்ணு கலங்கிரும்.

இப்பிடியே போயிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். திடீர்னு மாத்தல் வந்துருச்சு. தெக்க கடலோர ஜில்லாவுக்குப் போயிட்டாங்க. நானே எழுதிக் கேட்டு வாங்கிட்டேன்னு டவாலிகிட்டச் சொன்னாங்களாம், கடக் காத்து ஒடம்புக்கு நல்லதுன்னு நெனச்சிருப்பாங்க. அவங்க போனதும் சூப்பிரண்டு எனக்குப் போன் பண்ணுனாரு. கொரலே செரியில்ல. "அம்மா, சாம்பிள் மாத்தலாகிப் போச்சு"ன்னாரு.

அடுத்த வருசத்துக்கு ஆர்டரப் புதுப்பிக்கோணும்னா "பொருந்துகிறது"ன்னு சீட்டு வேணும். இல்லாட்டி மரகதத்துக்கு. புது கலெக்டரு கடிச்சுச் சொல்லலாமேன்னேன். அவருக்கு மூலச் சாம்பிளோட ருசி தெரியாதேன்னாரு. அதனால நேர்ல போயி அந்தம்மாவக் கடிக்க வெச்சு, கையெழுத்து வாங்கியாரோணும். ரெண்டு பார்ட்டியும் போகோணும், அப்பத்தான் பாரபட்சம் இருக்காதாம். அதனாலதான் கண்ணு, நானும் மரகதமும் ஆளுக்கொரு டப்பாவத் தூக்கிக்கிட்டு, நேத்து கெளம்பி வந்தோம். போயிட்டுத்தான் திரும்பிட்டிருக்கறோம்.

காலையில அவங்க ஆபீசுக்குப் போனோம். உள்ள நொழஞ்சதும் அந்தம்மா என்னையப் பாத்தாங்க. நாற்காலியில இருந்து பாதி எந்திரிச்சுட்டாங்க. "நீங்கள்... இங்கேயுமா?"ன்னாங்க. பாசம் பாருங்க! நான் டப்பாவத் தொறந்தேன். ஒரு கடி. கண்ண இறுக்க மூடிக்கிட்டாங்க. "அதேதான். நிச்சயமாக அதேதான்"னாங்க. நான் கேக்காமயே நிச்சயமாகன்னு ஒரு வார்த்த சேத்துச் சொன்னாங்க! ஒடனே கையெழுத்து. டப்பாவ அங்கயே குடுத்தேன், வேண்டவே வேண்டாம்னுட்டாங்க. ரெண்டு கையாலயும் திருப்பிக் குடுத்தாங்க. லஞ்சம் வாங்காத அதிகாரி கண்ணு, நேர்மைன்னா அது நேர்மை.

ஜெயிச்சுட்டேன். அங்கயே ஒரு ஆட்டம் போடோணும்னு இருந்துச்சு. ஆனா அடுத்தது நடந்ததப் பாத்து எனக்கே மரகதத்து மேல பரிதாபமாப் போச்சு.

மரகதம் அவங்க டப்பாவ நீட்டுனாங்க. கெளம்பற அன்னிக்குச் சுட்டது, சும்மா காத்துப் படாம மூடிக் கொண்டாந்திருந்தாங்க. அந்தம்மா ஒண்ண எடுத்துப் பயந்துக்கிட்டே கடிச்சாங்க. நொறுக்குனு ஒரு சத்தம். அசந்து போயிட்டாங்க. இன்னொண்ண எடுத்துக் கடிச்சாங்க. அதுவும் தப்பு போல. இன்னொண்ணு. தப்பு எங்க இருக்குதுன்னு ஒவ்வொண்ணாத் தேடிக் கடிச்சாங்க கண்ணு, என்ன பொறுமை! "முறுக்கு என்பது இதுவா?"ன்னு கேட்டாங்க, அதுவும் கோவமா இல்ல, மெதுவா, மனசு நொந்து போயி. மரகதம் தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க.

அப்புறம் பொருந்தவில்லன்னு எழுதிக் குடுத்தாங்க. அதோட விட்டாங்களா? டவாலியக் கூப்புட்டு, அந்த டப்பாவ அப்பிடியே பங்களாவுக்கு எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க. மூடியோட! திருப்பித் தரவே இல்ல. என்றத மரியாதையாத் திருப்பிக் குடுத்தவங்க, அவங்களுத பறிமுதல் பண்ணிட்டாங்க! மரகதத்தோட போன் நம்பர், ஊரு, வெலாசம் எல்லாம் எழுதி வாங்கிக்கிட்டாங்க. அடுத்த வாரமே அங்க வரோணும்னு சொல்லியிருக்கறாங்க. விசாரண போல.

கோமதிகிட்ட இன்னும் சொல்லல. மாமியாரு மேல கேசுன்னா புள்ள தாங்க மாட்டா.

அங்க பாருங்க, போன்ல பேசறாங்க. கேக்குதா? பச்சரிசி ஊறப் போடச் சொல்றாங்க, மூட்ட மூட்டையா. உளுந்து வாங்கச் சொல்றாங்க. அவங்க குழுப் பொண்ணுங்க எல்லாரையும் நாளைக்கே வரச் சொல்றாங்க. பஸ் ஏறறப்பவும் இதே பேச்சுதான், ஏனுங்க சம்பந்தி, இவ்ளோ அரிசி எதுக்குன்னு அப்பவே கேட்டேன். ஒண்ணுமில்லீங்க சம்பந்தின்னுட்டு ஒரே சிரிப்பு. மதுரையில பஸ் மாறுனதுல இருந்து சிரிச்சுக்கிட்டேதான் வர்றாங்க. அவமானம் கண்ணு. அவமானம் முத்துனா சிலபேரு அழுவாங்க, சிலபேருக்கு இப்பிடி சிரிப்பு வந்துரும். என்ற ஒண்ணுவிட்ட அத்தை ஒருத்தங்க இருந்தாங்க... அதை அப்புறம் சொல்றேன், பஸ் ஸ்டாண்டுக்குள்ள திருப்பிட்டான். டீக்கு நிக்கும்.

எந்திரிக்கறேன் கண்ணு, வழி விடுங்க. அவங்களுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டு வர்றேன். என்ன இருந்தாலும் சம்பந்தி. தோத்தவங்ககிட்ட நாமதான் கொஞ்சம் எறங்கிப் போகோணும்.